பேனா ஓடுகிற சத்தம்

ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்பது சோம்பேறிகள் கூடிக் கட்டிவிட்ட கதை. ஒழுங்காகப் படிக்கிற மாணவன் ஒருவனுக்கு, நியாயப்படி பார்த்தால், ஒரு நாளுக்கு நாற்பத்தோரு மணி நேரம் உண்டு.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் மணிக்கூண்டு. அப்போது அவனுக்கு இருபது வயது. கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. வீட்டில் வைத்த பேர் வேறு. யாராவது மணி கேட்டால் மணியைச் சொல்லிவிட்டு, கேட்டவன் அதை எப்படியெல்லாம் வீணாக்கிக்கொண்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்வான் என்பதால் கல்லூரி வைத்த பேர் இது. கண்டுபிடிப்புக்கு அவனிடம் கணக்கு இருந்தது. குளிக்கும்போது சூத்திரம் மனப்பாடம் செய்தால் அந்தக் கால் மணி அரை மணி ஆகிறது. சாப்பிடும்போது செய்தித்தாள், பேருந்தில் வீட்டுப்பாடம், வகுப்பில் தூக்கம். "வகுப்புல தூங்குறவனைச் சோம்பேறின்னு சொல்றாங்க. அவன் வருகைப் பதிவையும் தூக்கத்தையும் ஒரே நேரத்துல முடிக்கிறான். அவனை மாதிரி உழைப்பாளி யாரு?" என்று கேண்டீன் மேசையில் கேட்பான். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. மற்றவர்கள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாதவன் போல விழிப்பான்.

அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொருவரும் முப்பது மணி நேரம் தொண்டு செய்தாக வேண்டும் என்று ஒரு விதி. நீலத் தாளில் மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்கித் தொண்டு வாத்தியாரிடம் கொடுக்க வேண்டும். மணிக்கூண்டுக்கு இது பிடிக்கவில்லை. "பசிச்சவனுக்குச் சோறு போடுறது தர்மம். பரீட்சை இருக்கிறவன்கிட்ட நேரத்தைப் புடுங்கி, நேரம் போகாதவனுக்குக் குடுக்கிறது கொள்ளை" என்றான். கடைசியில், 'வீட்டில் துணி மடித்தது: முப்பது மணி நேரம்' என்று எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தான்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வீட்டு வேலை தொண்டுல சேராதுப்பா."

"சம்பளம் எதுவும் தரலை சார்."

"அதுக்குப் பேரு தொண்டு இல்லை. பிள்ளையாப் பொறந்த பாவம்."

துணி மடித்தது என்னவோ உண்மை. அவர்கள் வீடு பாதி வீடு, பாதி சலவைக்கடை. ஆஸ்பத்திரி விரிப்புகள்தான் வேலை. காலையில் மூட்டை மூட்டையாக வரும்; அப்பா பெரிய தொட்டியில் சோடா உப்பும் சோப்பும் கரைத்து ஊறவைப்பார்; இயந்திரம் தடதடவென்று சுவரை அதிரவைத்துக்கொண்டே சுற்றும்; அம்மா பிழிந்து கொடியில் போடுவாள். வெயில் காலத்தில் மொட்டை மாடி போதும். மழை பிடித்துக்கொண்டால் போச்சு. கூடத்தில், படுக்கை அறையில், அடுப்படியில் என்று எங்கே பார்த்தாலும் கொடி கட்டி விரிப்பு தொங்கும். சாப்பிடத் தட்டோடு உட்கார்ந்தால் தலையில் ஈரத்துணி இடிக்கும். குனிந்தே நடந்து நடந்து, அந்த வீட்டில் எல்லாரும் மழைக்காலம் முடிகிறவரை மரியாதையாக நடந்துகொள்கிற மாதிரி இருக்கும்.

காய்ந்ததா இல்லையா என்று சொல்கிற வேலை அக்காவுடையது. அக்காவுக்கு நான்கு வயதுக் காய்ச்சலில் பார்வை போய்விட்டது. விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கன்னத்தில் வைப்பாள். "இன்னும் ஒரு மணி நேரம்" என்பாள். அல்லது "மடிக்கலாம்" என்பாள். அம்மா கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று வாதாடினால், "கை பொய் சொல்லும்மா, கன்னம் சொல்லாது" என்பாள். ஈரத்தோடு மடித்த விரிப்பு ஒன்றுகூட அவள் கையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. அதனால்தானோ என்னவோ, அங்கே நிர்வாகம் பார்க்கிற அம்மாள் ஒருநாள், "டிகிரியை முடிச்சுட்டு வா. டெலிபோன் ரூம்ல ஒரு இடம் காலியாகப் போவுது. உனக்கு வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தார். அக்கா தனித்தேர்வராக ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டு வந்தாள். மிச்சம் இருந்தது புவியியல் ஒன்றுதான்.

மடிப்பதற்கு ஆள் இரண்டு வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மணிக்கூண்டும் அக்காவும் சிறுவயது முதலே ஜோடி. ஒரு சாயங்காலம் அப்படி மடித்துக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்.

"ஏன்க்கா, பரீட்சைக்கு உனக்கு எழுத யாரோ வராங்க. நீ சொல்றதைத்தான் எழுதுறாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நம்புறதுதான்."

"அவ்வளவு நல்லவளா நீ?"

அக்கா சிரித்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வழி இருக்கு. பேனாச் சத்தம். நான் பேசினா ஓடணும், நான் நின்னா கொஞ்சம் பொறுத்து நிக்கணும். அதைக் காதுல வெச்சுக்கிட்டேதான் பேசுவேன். போன தடவை வந்த பொண்ணு ஓரத்துல பூ வரைஞ்சுக்கிட்டு இருந்தா. கோடு இழுக்கிற சத்தம் வேற மாதிரி கேக்கும். 'பூவுக்கு மார்க்கு உண்டாம்மா'ன்னு கேட்டேன். மிரண்டுட்டா."

"அடிப்பாவி."

"யார்கிட்டயும் சொல்லிடாதடா. தெரிஞ்சுபோச்சுன்னா என்னை ஏமாத்துறது சுலபம்."

முனையோடு முனை சேர்ந்தது. அவன் சொல்ல மாட்டேன் என்றான்.

அடுத்த வாரம் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் அவனுடைய பத்தி வந்தது. கேண்டீன் படிக்கட்டுப் பக்கம் பலகையில் ஒட்டுகிற கையெழுத்துத் தாள். 'ஓய்வில்லா மாணவர் தொண்டு செய்ய ஏழு விதிகள்' என்று தலைப்பு. முதியோர் இல்லத்துக்குப் போகிறவன் அங்கேயே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. மரம் நடப் போகிறவன் ஏற்கனவே முளைத்த மரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. படிக்கட்டில் கூட்டம் நின்று சிரித்தது. வீட்டில் அவனே படித்துக் காட்டினான். அக்கா மூட்டை மேல் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்: "ஏழு விதின்னே. ஆறுதானே வந்துது?"

"அஞ்சாவது ஆம்பளைங்க சமாச்சாரம்."

"சீ, போடா."

தங்கக்கம்பி வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அந்தப் பேரை வைத்தவள் அம்மா. வேதியியல் முதலாண்டு, தொண்டு வாத்தியார் அனுப்பிய பையன். வாசலில் செருப்பை ஜோடியாக, சுவருக்கு நேராக விடுவான். கைக்குட்டையால் மழைநீரைத் துடைத்துக்கொண்டு, "வரலாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். தொங்குகிற விரிப்புகளுக்கு நடுவே அக்காவுக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கைடு புத்தகத்தைத் தினம் ஒரு மணி நேரம் வாசிப்பான். மழைக்கு நடுவிலும் ஒருநாள் தவறவில்லை.

"உனக்கு வேற வேலையே இல்லையாப்பா?" என்று அம்மா கேட்டாள், டீயை நீட்டிக்கொண்டே.

"காலையில லேப் இருக்கும்மா. மத்தியானம் கிளாஸ். ஏழு மணிக்கு ரெண்டு பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். நடுவுல இந்த ஒரு மணி நேரத்தை எப்படியாவது ஒதுக்கிடுவேன்."

அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். "பார்த்தியா? தங்கக்கம்பி. நீயும் இருக்கியே, நாற்பத்தோரு மணி நேரக்காரன். ஒரு பக்கெட்டைத் தூக்கி அந்தாண்ட வைக்க உனக்கு நேரமில்லை."

"அவன் நீலத் தாளுக்கு வரான்மா. நான் சோத்துக்கு இருக்கேன். தொண்டுன்னு பார்த்தா என்னுதுதான் பெருசு."

தங்கக்கம்பி கோபித்துக்கொள்ளவில்லை. மரியாதையாகச் சிரித்தான். "உங்க பத்தி ஒண்ணைக்கூட நான் விட்டதில்லைங்கண்ணா. நேரத்தைப் பத்தி நீங்க சொல்ற மாதிரி யாரும் சொல்றதில்லை" என்றான். மணிக்கூண்டுக்கு அன்று சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது.

பரீட்சையை அவனே எழுதட்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டாள். வாசித்தவனுக்குத்தான் தன் பேச்சு பழகியிருக்கும் என்று நினைத்தாள். விதியும் இடம் கொடுத்தது: எழுதுபவர் அந்தப் பாடம் படிக்கிறவராக இருக்கக்கூடாது, சொந்தக்காரராகவும் இருக்கக்கூடாது. தனி அறை. கண்காணிப்பாளர் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் விரித்துக்கொண்டார். மூன்று மணி நேரம்.

அன்று சாயங்காலம் அக்கா நனைந்துகொண்டே வந்தாள். முகம் முழுக்க வெளிச்சம்.

"மழைக் கேள்வி வந்துதுடா! கடல் தண்ணி ஆவியாகி மேகமாகி மழையாகுறது. புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லலை. நனைஞ்ச விரிப்புலேருந்து ஆரம்பிச்சேன். 'எங்கள் வீட்டில் ஒரு நனைந்த விரிப்பைக் கொடியில் போட்டால், அதிலிருந்த தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது எங்கள் வீட்டை விட்டு வெளியே போய், நாளைக்கு இன்னொருவர் விரிப்பை நனைக்கிறது.' எப்படி?"

"திருத்துறவன் அழுதுடுவான்."

"அந்தப் பையன் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லலைடா. பேனா பாட்டுக்கு ஓடுது. மழை மாதிரி." அவள் தலையைத் துவட்டிக்கொண்டாள். "பேச்சு சுவாரசியத்துல கடைசி ரெண்டு பெரிய கேள்விக்கு நேரம் பத்தலை. தொடவே இல்லை. எண்பதுக்குத்தான் எழுதினேன். போவுது. அறுபது வந்தாப் போதும்."

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. அப்போதும் மழை விட்டபாடில்லை. பழைய வழக்கப்படி மணிக்கூண்டுதான் தாளைப் படித்தான்.

"நூத்துக்கு எண்பத்தெட்டு!"

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து அக்காவின் கன்னத்தை வழித்தாள். அப்பா இயந்திரத்தை நிறுத்தினார். பகல் நேரத்தில் அந்த இயந்திரம் நின்று யாரும் பார்த்ததில்லை. கீழ்வீட்டு டெய்லரம்மா தையலை விட்டுவிட்டு மேலே வந்து, "டெலிபோன் ரூம் மேடம், எங்களை எல்லாம் மறந்துடாதீங்க" என்றாள். அக்கா எல்லாருக்கும் சிரித்தாள். எல்லாரும் போன பிறகு, மடிக்க நின்றபோது, மெதுவாகக் கேட்டாள்.

"சரியாப் பார்த்தியாடா? எண்பத்தெட்டா?"

"எண்பத்தெட்டு."

"நான் எண்பதுக்குத்தானே எழுதினேன்."

"எட்டு வட்டி போட்டுக் குடுத்திருக்காங்க போல" என்றான் அவன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பாதியில் நின்றது. புள்ளியியல் படித்தவனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கியிருக்க வேண்டும். அக்கா கையில் இருந்த முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஈரமா இருக்கு" என்று சொல்லி, திரும்பக் கொடியில் போட்டாள்.

மறுநாள் தங்கக்கம்பி வாழ்த்துச் சொல்ல வந்தான். செருப்பை நேராக விட்டான். அம்மா சூடான பாலில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கிறவரை அக்கா காத்திருந்தாள். மணிக்கூண்டு விரிப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"தம்பி, அந்த மழைக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன்?"

"நீராவிப்போக்கு, ஆவி குளிர்தல், மழைப்பொழிவுன்னு மூணு நிலைங்கக்கா. படம்கூடப் போட்டேன்."

"படம் போடச் சொன்னேனா?"

"இல்லைங்கக்கா... படத்துக்குத் தனியா ரெண்டு மார்க்கு."

"விரிப்பு எங்கே?"

"எந்த விரிப்புங்கக்கா?"

அவன் நடிக்கவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அக்காவின் முகத்தைச் சுருங்கவைத்தது. காதில் விழுந்திருந்தால்தானே தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நாற்பது நாள் வாசித்ததில் கைடு முழுதும் அவனுக்கு மனப்பாடம். கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தது. முதல் ஒன்றேகால் மணி நேரத்தில் நூறு மார்க்குக்கும் எழுதி முடித்துவிட்டான்.

"அப்புறம்?"

"அன்னிக்கு மூணு மணிக்கு என்னோட ரெக்கார்டு நோட்டை லேப்ல குடுத்தாகணுங்கக்கா. இல்லேன்னா இன்டர்னல் மார்க்கு போயிடும். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் அதை... எழுதிக்கிட்டு இருந்தேன்."

"நான் பேசினா பேனா ஓடிச்சே. நின்னா நின்னுதே."

"ஆமாங்கக்கா. அதைக் கவனமாப் பார்த்துக்கிட்டேன்." பையன் குரலில் கொஞ்சம் பெருமையே இருந்தது. "அண்ணன் எழுதியிருந்தாரே, அஞ்சாவது விதி."

தங்கக்கம்பி பையைத் திறந்து நோட்டை எடுத்தான். உள்ளட்டையில் ஏழு விதிகளையும் சுத்தமான கையெழுத்தில் படியெடுத்து ஒட்டியிருந்தான். யாரும் கேட்காமலே படித்தான். இத்தனை நாள் அவளுக்குப் படித்துக் காட்டிய அதே நிதானமான குரலில்.

"பார்வையற்றோருக்குத் தேர்வு எழுதச் செல்பவர் சொந்த வேலையையும் கையோடு கொண்டுசெல்க. அவர்கள் காதில் விழுவது பேனாச் சத்தம் ஒன்றே. அவர்கள் பேசினால் ஓட வேண்டும். நின்றால் சற்றுப் பொறுத்து நிற்க வேண்டும். எந்தத் தாளில் ஓடுகிறோம் என்று எந்தப் பேனாவும் சொல்வதில்லை."

அக்கா பிடித்திருந்த முனைகள் இரண்டும் தரையில் விழுந்தன. மணிக்கூண்டு தன் முனைகளைப் பிடித்தபடியே நின்றான். ஒரு ஆள் மட்டும் பிடித்திருக்கிற விரிப்பை மடிக்கவும் முடியாது, போடவும் முடியாது.

"அக்கா, அது சும்மா... கேலிக்கு..."

"அது கேலியாண்ணா?" என்று தங்கக்கம்பி கேட்டான். முகம் வெளுத்துவிட்டது. "அப்படின்னு கீழே ஒரு வரி போட்டிருக்கலாமேண்ணா."

அக்கா யாரையும் திட்டவில்லை. "பாலைக் குடிச்சுட்டேல்ல தம்பி? சரி, இருட்டிக்கிட்டு வருது, நீ கிளம்பு" என்றாள். தம்பியிடம் அன்று அவள் பேசவில்லை.

வீட்டில் வழக்கு இரண்டு நாள் நடந்தது.

"வந்த மார்க்கை வேண்டாம்னு சொல்றதுக்கு நீ என்ன பைத்தியமா?" என்றார் அப்பா. "யார் குடியைக் கெடுத்தே? நீ படிக்கலையா? உனக்குத் தெரியாத விடையா அது?"

"தெரிஞ்சதை நான் சொன்னேன்பா. அது அந்தப் பேப்பர்ல இல்லை. அதுல இருக்கிறது அவன் பேச்சு."

"ஆஸ்பத்திரிக்காரம்மா உன் பேச்சையா கேக்கப் போறாங்க? சர்டிபிகேட்டைத்தான் கேப்பாங்க."

அம்மா வேறு பக்கத்திலிருந்து வந்தாள். "பையன் வாழ்க்கையும் போயிடும்டி. சின்னப்புள்ளை. தெரியாம செஞ்சுட்டான். உனக்கு நல்லதுதானே நினைச்சான்?"

"நல்லதுதான் நினைச்சான். நான் மூணு மணி நேரம் சுவத்துகிட்டப் பேசிட்டு வந்திருக்கேன்மா. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "டெலிபோன் ரூம்ல போய் உட்கார்ந்து, தினம் நூறு பேர்கிட்டப் பேசப் போறேன். அந்தப் பக்கம் ஆள் இருக்கானா, கேக்குறானான்னு எனக்கு நம்பிக்கை வர வேண்டாமா?"

அப்பா எழுந்து போய் இயந்திரத்தைப் போட்டார். தடதடப்பில் மேற்கொண்டு யார் பேசினாலும் கேட்காது. அவர் வாதத்தில் தோற்கிற விதம் அது.

மூன்றாம் நாள் காலையில் அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். "ஒரு லெட்டர் எழுதணும். பல்கலைக்கழகத்துக்கு. நேரம் இருக்கா உனக்கு?"

அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு டஜன் பதில்கள் தயாராக இருந்த காலம் உண்டு. தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அவள் சொன்னாள், அவன் எழுதினான். தேர்வு எண், தேதி, பாடம். விடைத்தாளில் இருப்பது தன் விடைகள் அல்ல. அதை ரத்து செய்து மறுபடி எழுத அனுமதிக்க வேண்டும். எழுதியவர் சிறியவர், கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மணிக்கூண்டு தன் முறைக்காகக் காத்திருந்தான். ஐந்தாவது விதி வரும், தம்பி என்று ஒரு சொல் வரும் என்று பேனாவை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"எழுது," என்றாள் அக்கா. "எழுதுகிறார் என்பதற்கு நான் பேனாச் சத்தத்தை மட்டும் நம்பினேன். அந்த ரகசியத்தை வெளியே சொன்னது என் தவறு."

பேனா நின்றது.

"அக்கா, அது உன் தப்பு இல்லை. நான்தான்..."

"சொன்னதை எழுது."

"என் பேரைப் போடறேனே. நான் செஞ்சதை நானே..."

"லெட்டர் என்னுது. உன் பேச்சை எழுதுறதுக்கு உனக்குச் சுவர்ப் பத்திரிகை இருக்கு. சொன்னதை மட்டும் எழுது."

'சொன்னது என் தவறு' என்று எழுதி முடித்தான். தன் கையெழுத்தில் அந்த மூன்று சொற்களும் எழுந்து நிற்பதைப் பார்த்தான். கல்லூரியில் அத்தனை பேரைச் சிரிக்கவைத்த கை, இப்படி ஒரு பொய்யை அதற்கு முன் எழுதியதில்லை.

"முடிஞ்சுதா? படி."

படித்தான். அவள் தாளை வாங்கி மடித்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி படிக்கட்டில் இறங்கினாள். கீழே தையல் இயந்திரம் நின்றது. பிறகு டெய்லரம்மாவின் குரல், எழுத்துக்கூட்டி, அதே கடிதத்தை முதலிலிருந்து படித்தது மேலே வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் அக்கா "ம்" சொன்னாள். சரிபார்க்கிறாள். அவன் எழுதியதைச் சரிபார்க்கிறாள். மணிக்கூண்டு மேல்படியில் உட்கார்ந்து, கடைசி 'ம்' வரைக்கும் கேட்டான். அதன் கூடவே வேறெந்த வேலையும் அவனால் செய்ய முடியவில்லை.

பல்கலைக்கழகம் தாளை ரத்து செய்தது. அடுத்த தேர்வுக்கு அனுமதித்தது. தங்கக்கம்பியின் நீலத் தாள் போயிற்று. ஒரு வருடம் எந்தத் தொண்டுக்கும் அவன் போகக்கூடாது என்றார்கள். கேண்டீனில் பார்த்தபோது, "உங்களுக்கு என்ன தண்டனைங்கண்ணா?" என்று கேட்டான். நக்கல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மணிக்கூண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லை" என்றான். பையன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த மாதம் பலகையில் அந்தப் பத்தி வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஆசிரியர் குழுவினர் கேட்டதற்கு, நேரமில்லை என்றான்.

ஆஸ்பத்திரியம்மாள் நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு டெலிபோன் அறையில் வேறு ஒரு பெண்ணைப் போட்டார். அவரும் மனுஷிதான், அடிக்கிற மணியை யாராவது எடுத்தாக வேண்டும். "அடுத்தது வந்தாப் பார்க்கலாம்" என்று விரிப்பு மூட்டையோடு சொல்லி அனுப்பினார். அக்கா அன்று வழக்கத்தைவிட அதிகமாக மடித்தாள். இப்போதெல்லாம் அந்த முனையை அம்மா பிடித்தாள். மணிக்கூண்டிடம் அக்கா பேசாமல் இல்லை. சாப்பிட்டியா, மழை வருமா, சோப்பு வாங்கிட்டு வா. அவ்வளவுதான் பேச்சு.

மறுதேர்வு கடும் வெயிலில் வந்தது. மொட்டை மாடியில் விரிப்புகள் போட்ட அரை மணியில் பலகையாக விறைத்தன. அக்காவுக்கு எழுத ஓய்வுபெற்ற தபால்கார அம்மாள் ஒருவர் கிடைத்திருந்தார். அப்பாவே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மணிக்கூண்டு காலையிலேயே வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அதே தேர்வு மையம். பெரிய கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்துச் சிறு சிறு அறைகளாக்கியிருந்தார்கள். ஐந்தாவது அறையில் முட்டைக்கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். சர்க்கரை நோயில் பார்வை போன பிறகு படிக்க ஆரம்பித்தவர். புவியியலில் இது அவருக்கு ஆறாவது படையெடுப்பு. தொண்டு வாத்தியாரிடம் இருந்த பட்டியலில் யாருக்கும் இவர் வேண்டாம். அவ்வளவு மெதுவாகப் பேசுவார் என்று சொன்னார்கள். மணிக்கூண்டு அந்தப் பேரைத்தான் கேட்டு வாங்கி, அவருக்கு எழுத வந்திருந்தான். நீலத் தாள் கொண்டுவரவில்லை.

"தம்பி, நான் ஒரு வரி சொல்ல அஞ்சு நிமிஷம் ஆவும். பரவாயில்லையா?"

"பரவாயில்லைங்க."

"பேனாச் சத்தமெல்லாம் எனக்குக் கேக்காது. நீ எழுதுறியான்னு எப்படித் தெரியும்?"

"எழுதுறேங்க. ஒவ்வொரு வரியையும் எழுதினதும் திரும்பப் படிச்சுக் காட்டுறேன். தப்பா இருந்தாச் சொல்லுங்க."

"அவ்வளவு நேரம் உனக்கு இருக்கா?"

"இருக்குங்க."

முட்டைக்கடைக்காரர் யோசித்தார், தொண்டையைச் செருமினார், தொடையில் தாளம் போட்டார். இருபது நிமிடத்தில் மூன்று வரி நகர்ந்தது. அப்போது தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. அவனுக்குக் காது விடைத்தது. அக்கா. எந்த அறை என்று அவன் கேட்டிருக்கவில்லை. பக்கத்து அறை என்று அவனுக்குத் தெரியாது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கள் வீட்டில் ஒரு நனைந்த விரிப்பைக் கொடியில் போட்டால்..."

மழைக் கேள்வி மறுபடி வந்திருக்கிறது. அந்தப் பக்கம் பேனா ஓடியது. அவன் காதைப் பலகைப் பக்கம் சாய்த்தான். 'அதிலிருந்த தண்ணீர் எங்கே போகிறது' என்கிற அடுத்த வரி வருகிறதா, அந்த அம்மாள் திருப்பிப் படிக்கிறாரா, அதை மட்டும் கேட்டுவிட்டால் போதும்.

"தம்பி," என்றார் முட்டைக்கடைக்காரர். "அடுத்த கேள்வி என்ன?"

"கடல் நீர் ஏன் உப்பாக இருக்கிறதுங்க."

"அது எனக்குத் தெரியும்." அவர் முகம் மலர்ந்தது. "எழுது. கடலில் கோடிக்கணக்கான மீன்கள் ராப்பகலாக ஓய்வில்லாமல் நீந்துகின்றன."

பலகைக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் தொடர்ந்தது. மணிக்கூண்டு நாற்காலியை இழுத்து, முட்டைக்கடைக்காரரின் வாய்க்கு நேராகத் தன் காதைக் கொண்டுபோனான்.

"நீந்துகின்றன. ம், சொல்லுங்க."

"அவற்றின் வியர்வை அத்தனையும் தண்ணீரில் கலக்கிறது."

சரியான விடை அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினான். எழுத்துகளைக் குண்டு குண்டாக, திருத்துகிறவருக்குச் சந்தேகம் வராதபடி எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்துக் காட்டினான்.

"அவற்றின் வியர்வை அத்தனையும் தண்ணீரில் கலக்கிறது. சரிங்களா?"

"சரியா இருக்கு," என்றார் அவர்.